கணையாழியும் கைரேகையும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைப்பாக்கத்துக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் மகள் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். சர்க்காரிடமிருந்து அவளுக்கு வரவேண்டிய ஒரு தொகை மூன்று மாதமாக வராமல் இழுத்துக்கொண்டிருந்தது.

"நீங்க ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்தாத் தேவலை, அம்மா. பேரு ஒட்டலையாம், நம்பரு ஒட்டலையாம். எனக்கு ஒண்ணும் விளங்கலை" என்று தாயார் கண் கலங்கினாள். பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயரையும் அவள் வேலை பார்க்கும் இடத்தையும் நான் சொல்லப் போவதில்லை. அந்தரங்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, ஊரார் வீட்டுப் பெண்ணின் விலாசத்தைப் பத்திரிகையில் போட்டால் நீங்களே சிரிப்பீர்கள். எந்தக் காரியாலயத்துச் சங்கதி என்பதும் வேண்டாம். எல்லா இடத்திலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது.

விண்ணப்பத்தோடு சேர்க்க நாலைந்து நகல்கள் தேவைப்பட்டன. சாலையோரம் ஒரு ஜெராக்ஸ் கடை. 'ஆதார், பான், பட்டா, ரேஷன், ஜாதிச் சான்று - எல்லாம் இங்கே பார்க்கப்படும்' என்று பலகை தொங்கியது. கடைக்காரப் பையன் வேலையை மளமளவென்று முடித்தான். கையருகே கிடந்த ஒரு காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டு என்னிடம் நீட்டினான். முப்பத்தெட்டு ரூபாய். பணத்தைக் கொடுத்துவிட்டுத் தற்செயலாகக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கத்தில் ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது வயது இருக்கும். கொஞ்சம் கோணலாக விழுந்த ஆதார் நகல். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, தெரு, கிராமம், தாலுகா, பின்கோடு, கடைசியில் பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று தெரிந்தன.

"தம்பி, இது யார்?"

"தெரியலைங்கம்மா. சரியா விழாத காப்பி. வீணாப் போகுதேன்னு பின்னால கணக்குப் போட்டுக்கறேன்."

மேஜைக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்கு அப்படிப்பட்ட காகிதங்கள் அடுக்கியிருந்தன. பையன் திருடனல்லன். காகிதம் வீணாகக் கூடாதே என்று நினைக்கிற சிக்கனக்காரன். ஆனாலும் எனக்குச் சுரீரென்றது. எந்த ஊரிலிருந்தோ பிழைக்க வந்த ஒரு பெண்ணின் முகமும் முகவரியும் வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் கணக்குச் சீட்டாகப் போய்க்கொண்டிருக்கின்றனவே!

"நான்தான் நான்" என்று நாம் சர்க்காருக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வாஸ்தவம். அதற்காக நம்மைப் பற்றிய சகல விவரங்களையும் தெருவில் இறைத்துவிட வேண்டுமா? திரும்பி வருகிற வழியெல்லாம் இந்தக் கேள்வி மனத்தைக் குடைந்தது.

மணியக்காரர் இல்லாத ஊர்

பிள்ளைப்பாக்கம் என்றால் முன்பெல்லாம் ஏரிதான் நினைவுக்கு வரும். மழைக்காலத்தில் அது நிரம்பி வழிந்தால் செம்பரம்பாக்கத்துக்கு நீர் வரத்து என்று செய்தி வரும். பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் அவதரித்த தலம். இன்றைக்கு அந்தப் பெயர்களைச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலைதான் ஞாபகம் வருகிறது. ஒரகடத்தில் மோட்டார் வண்டி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன், பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் சூரிய ஒளித் தகடு என்று வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகவே 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு விடுதி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அதில் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு பட்டணமே ஒரு கூரையின் கீழ் குடியேறிய மாதிரி!

இங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. இவர்களை இங்கே யாருக்கும் தெரியாது. சொந்தக் கிராமத்தில் 'இவள் இன்னாருடைய பேத்தி' என்று சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தக் காலத்தில் மணியக்காரரும் கர்ணமும் சொன்னால் கச்சேரியில் எடுபடும். 1980-இல் அந்தப் பரம்பரை உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஒருவிதத்தில் அது நல்லதாயிற்று. மணியக்காரருக்கு வேண்டாதவர்கள் சான்றுக்காக எத்தனை நடை நடந்தார்கள் என்பதைப் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அறியாத ஊரில் பிழைக்கும் பெண்ணுக்கு வங்கிக் கணக்கு வேண்டும். வருங்கால வைப்பு நிதி வேண்டும். நோய் வந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வேண்டும். 'இவள் யார்?' என்று எல்லா இடத்திலும் கேட்கத்தான் செய்வார்கள். கேட்கக் கூடாது என்றும் சொல்ல முடியாது. கேட்காமல் கொடுத்தால் அவளுடைய பணத்தை வேறொருவன் வாங்கிக்கொண்டு போய்விடுவானே!

அசோகவனத்தில் ஒரு விசாரணை

நம் நாட்டில் நடந்த மிகப் பழைய அடையாள விசாரணை எது தெரியுமா? அசோகவனத்தில் நடந்ததுதான்.

மரத்திலிருந்து குதித்து வந்து, "நான் ராமதூதன்" என்று அனுமன் சொன்னவுடன் சீதை நம்பிவிட்டாளா? இல்லை. சந்நியாசி வேஷத்தில் வந்தவனை நம்பி ஒரு தடவை பட்ட பாடு போதாதா? அவளுக்குச் சந்தேகம் வந்தது நியாயம். அனுமன் கணையாழியைக் காட்டினான். ராமனும் அவளும் மட்டுமே அறிந்த பேச்சுக்களையும் சொன்னான். அப்புறம்தான் அவள் மனம் தேறிற்று. திரும்பிப் போகும்போது அவளும் சூடாமணியைக் கொடுத்தனுப்பினாள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். விசாரணை இருபுறமும் நடந்தது. தூதனும் தன்னை நிரூபித்தான். தேவியும் அடையாளம் தந்தாள். இரண்டாவது, காரியத்துக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவுதான் கை மாறியது. ராமன் ஒரு மோதிரத்தைக் கொடுத்தானே தவிர, அயோத்தி அரண்மனைப் பெட்டகத்துச் சாவியைக் கொடுத்தனுப்பவில்லை.

இன்றைய சர்க்கார் சேவைகளுக்கும் இந்த இரண்டே பரீட்சைகள்தான். கேட்கிறவர் தம்மை நிரூபிக்கிறாரா? தேவையானதை மட்டும் கேட்கிறாரா?

பன்னிரண்டு இலக்கத்தின் கதை

ஆதாருக்கென்று தனி ஆணையம் ஏற்பட்டது 2009 ஜனவரியில். 2010 செப்டம்பர் 29-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் நந்துர்பார் ஜில்லாவிலுள்ள தெம்பிளி என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் முதல் எண்ணை ஒரு பெண்மணிக்குக் கொடுத்தார்கள். இன்று 130 கோடிக்கு மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டிருக்கின்றன.

பதிவு செய்துகொள்ளும்போது பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, முகவரி, புகைப்படம், பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழிகளின் படம் இவற்றை வாங்குகிறார்கள். ஜாதி, மதம், வருமானம், வியாதி இவற்றைக் கேட்பதில்லை; கேட்கக்கூடாது என்று 2016-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது.

ரேஷன் கடையில் விரல் வைக்கிறீர்களே, அப்போது என்ன நடக்கிறது? உங்கள் எண்ணும் ரேகையும் சங்கேதமாக மாற்றப்பட்டு ஆணையத்தின் கம்ப்யூட்டருக்குப் போகின்றன. அங்கே ஒத்துப் பார்த்து, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் வருகிறது. அவ்வளவுதான். இது கணையாழி மாதிரி. இன்னொரு முறையும் இருக்கிறது. அதில் உங்கள் சம்மதத்தின் பேரில் பெயர், விலாசம், படம் எல்லாம் கேட்டவருக்குப் போய்ச் சேர்கின்றன. வங்கியில் கணக்குத் தொடங்க அது வேண்டியிருக்கலாம். 'ஆம், இல்லை' போதுமான இடத்தில் பெட்டகத்தையே திறந்து காட்டச் சொல்லும்போதுதான் தகராறு ஆரம்பமாகிறது.

இந்த ஏற்பாட்டினால் நன்மை உண்டா என்று கேட்டால், உண்டு. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி நம் காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கியபோது, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அவரவர் வங்கிக் கணக்கிலேயே போய் விழுந்தது. நடுவில் தரகர் இல்லை. 'நாளைக்கு வா' என்று சொல்ல ஆளில்லை. தன் பெயரில், தன் கணக்கில், தன் பணம்! இத்தனை பேரை அடையாளம் காணாமல் இதைச் செய்திருக்க முடியுமா?

ஆனால் அந்த நாட்களிலேயே இன்னொன்றும் நடந்தது. "உரிமைத் தொகைக் காரியாலயத்திலிருந்து பேசுகிறோம். செல்போனில் ஒரு எண் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று முகந்தெரியாத குரல்கள் பேச ஆரம்பித்தன. யாருக்கும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள் என்று அதிகாரிகள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. சந்நியாசி வேஷம் இன்னும் ஒழியவில்லை, பார்த்தீர்களா?

தேய்ந்த விரலும் மாறிய இனிஷியலும்

யந்திரத்துக்கு ஒரு குறை உண்டு. அதற்கு முகதாட்சண்யம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு வரும் அம்மாளையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாகச் சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்ததில் பாத்திரங்கள் பளபளத்தன. விரல் ரேகைகள் அழிந்துவிட்டன. ரேஷன் கடையில் ஆள்காட்டி விரல், கட்டை விரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளுக்கு விரல் ரேகை முறை வந்தது 2020 அக்டோபரில். ரேகை விழாதவர்களுக்கு வேறு வழிகளும் வைத்திருக்கிறார்கள். செல்போன் எண்ணைக் கொண்டு சரிபார்க்கலாம். குடும்பத்தில் வேறொருவர் விரல் வைக்கலாம். நடமாட முடியாத முதியோர் படிவம் எழுதிக் கொடுத்து வேறு ஒருவரை அனுப்பலாம். இவையெல்லாம் இருப்பது தெரியாமல், 'ரேகை விழலை, போயிட்டு வாங்க' என்ற வார்த்தையைக் கேட்டு வெறும் பையோடு திரும்புகிற பாட்டிமார் எத்தனை பேரோ!

வடக்கே ஜார்க்கண்டில் சிம்டேகா ஜில்லாவில் 2017 செப்டம்பரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்து போனாள். ஆதாரோடு இணைக்காததால் எங்கள் ரேஷன் அட்டை நின்றது, குழந்தை பட்டினியால் போனாள் என்று தாயார் கதறினாள். அதிகாரிகள், காரணம் பட்டினி அல்ல, மலேரியா என்றார்கள். நாடு முழுவதும் அந்தச் சர்ச்சை நடந்தது. யார் சொன்னது சரியாயிருந்தாலும், அந்த வீட்டில் ரேஷன் அரிசி நின்றுபோயிருந்தது என்பதை நினைக்கும்போது நம் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. ஆதார் இல்லை என்பதற்காக மானியத்தை மறுக்காமல் மாற்று வழியில் அடையாளம் கண்டு கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தச் சட்டம் கவுண்ட்டர் வரையில் வந்து சேர வேண்டும்.

இனி, நம் பிள்ளைப்பாக்கத்துப் பெண்ணின் சங்கதிக்கு வருவோம். அவளுக்கு வந்த வினை விரலால் அல்ல, இனிஷியலால்.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு சரி. ஆனால் கம்ப்யூட்டர் படிவத்தில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். உதாரணத்துக்கு லட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் 'கே. லட்சுமி'. ஆதாரில் 'லட்சுமி குப்புசாமி'. வருமான வரி அட்டையில் 'குப்புசாமி லட்சுமி'. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'எக்ஸ்' போட்டு எழுதுவார். ஒருவர் 'கே எஸ் எச்' போடுவார். கல்யாணமானால் கணவர் பெயரின் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பெற்ற தாய்க்கு ஒரே லட்சுமி. யந்திரத்துக்கு நாலு லட்சுமி! நாலும் ஒன்றுதான் என்று நிரூபிக்க நாலு காகிதம், நாலு நகல், நாலு நாள் சம்பள நஷ்டம்.

அடையாளத்தில் பிசகு வந்தால் அதைத் திருத்துகிற பாரம் முழுவதும் ஏழையின் தலையில் விழுகிறது. அலைகிறவள் அவசரத்தில் எங்கே எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறாள். மேஜைக்கடியில் ஒரு சாண் உயரம் காகிதம் சேர்வது இப்படித்தான்.

நீதிமன்றம் சொன்னது

அந்தரங்கம் என்பது பணக்காரர்களின் சொகுசு, வயிற்றுக்கில்லாதவனுக்கு அது எதற்கு என்று வாதிட்டவர்கள் உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஆதாரை எதிர்த்து மனுப் போட்டார். அப்போதே அவருக்கு எண்பது வயதுக்கு மேல். 'அந்தரங்க உரிமை என்று அரசியல் சட்டத்தில் ஒன்று இருக்கிறதா?' என்ற கேள்வி கிளம்பி, அதை முடிவு செய்ய ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: உண்டு, அது அடிப்படை உரிமை. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் எந்த 21-ஆம் ஷரத்து காவலோ, அதே ஷரத்து இதற்கும் காவல்.

அடுத்த வருஷம் செப்டம்பர் 26-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் ஆதார் சட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார்கள். நாலு பேர் சட்டம் செல்லும் என்றார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் செல்லாது என்று எழுதினார். சட்டம் நின்றது, ஆனால் அதன் கைகளைச் சற்றுக் கட்டினார்கள். சர்க்கார் மானியத்துக்கும் வருமான வரிக்கும் ஆதார் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கும் செல்போனுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க அது இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லக் கூடாது. தனியார் கம்பெனிகள் இஷ்டம் போல் கேட்க வழி செய்த பகுதி செல்லாது.

அதற்குப் பின் கதவு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கிறது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, வங்கிக்கும் செல்போனுக்கும் விருப்பப்பட்டவர்கள் கொடுக்கலாம் என்றார்கள். 2025 ஜனவரியில் விதிகளைத் திருத்தி, பொது நன்மைக்கான சில சேவைகளுக்குத் தனியாரும் அனுமதி பெற்று ஆதாரைப் பயன்படுத்தலாம் என்றார்கள். விருப்பம் என்று காகிதத்தில் இருப்பது, கவுண்ட்டரில் கட்டாயமாகிவிடுவதை நாம் அறிவோம். ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பு நம்மிடமும் இருக்கிறது.

ஓட்டை எங்கே?

ஆணையத்தின் பெட்டகம் பத்திரமாக இருக்கிறது என்று சர்க்கார் எப்போதும் சொல்லி வருகிறது. அப்படியே வைத்துக்கொள்வோம். பெட்டகத்திலிருந்து எடுத்து வெளியே வைத்த சாமான்களின் கதி என்ன?

2017 ஏப்ரலில் ஜார்க்கண்டு சர்க்காரின் ஓய்வூதிய இணையதளத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட முதியவர்களின் பெயர், முகவரி, ஆதார் எண், வங்கி விவரம் யாவும் எவரும் பார்க்கும்படி கிடந்தன. அடுத்த மாதம் பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று, நாலு சர்க்கார் தளங்களில் மட்டும் 13 கோடி ஆதார் எண்கள் வரை வெளியில் தெரிந்ததாகக் கணக்குச் சொன்னது. 2021 ஜூனில் நம் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகளில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாக ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது.

கைரேகையையும் திருடுகிறார்கள். பத்திரப் பதிவு ஆவணங்களில் விழுந்திருந்த ரேகைகளைப் பார்த்து ரப்பர் அச்சு செய்து, பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்த கும்பல்களைத் தெலங்கானாவிலும் வேறு மாநிலங்களிலும் போலீஸார் பிடித்திருக்கிறார்கள். பூட்டின் சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். விரல் தொலைந்தால் எந்தக் கடையில் வாங்குவது?

அதிகாரிகளுக்கே சில சமயம் குழப்பம். 2022 மே 27-ஆம் தேதி ஆணையத்தின் பெங்களூர்க் காரியாலயம், ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், துஷ்பிரயோகம் ஆகலாம் என்று அறிக்கை விட்டது. இரண்டு நாள் கழித்து, ஜனங்கள் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொள்ளக்கூடும் என்று அறிக்கை வாபஸ் ஆயிற்று. கொடுக்கலாமா, கூடாதா? எல்லோருக்கும் தலை சுற்றியது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? எஸ்தோனியா என்ற சின்ன தேசத்தில் 2002 முதல் மின் அடையாள அட்டை உண்டு. அநேகமாக எல்லாச் சர்க்கார் காரியமும் வீட்டிலிருந்தே நடக்கிறது. அங்கே ஒரு விசேஷம்: தங்கள் விவரத்தை எந்த அதிகாரி எப்போது எடுத்துப் பார்த்தார் என்று ஜனங்கள் தாங்களே பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். பிரிட்டனிலோ, 2006-இல் சட்டம் போட்டு அடையாள அட்டை கொண்டுவந்தார்கள். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 2010-இல் சட்டத்தையே நீக்கி, சேர்த்த பதிவேட்டையும் 2011-இல் அழித்துவிட்டார்கள். ஒரு தேசம் நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டது. மற்றது சம்பாதிக்க முடியாமல் விட்டுவிட்டது.

நம் நாட்டிலும் 2023 ஆகஸ்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகள் வெளிவந்தன. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் விவரம் வாங்க வேண்டும், காரியம் முடிந்தால் அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஆனால் சர்க்காருக்கு அதில் பல விலக்குகள் இருக்கின்றன. நமக்குச் சட்டம், தனக்கு விலக்கு என்றால் நன்றாயிருக்குமா?

திண்ணையும் கூடமும்

நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலில் திண்ணை, அப்புறம் ரேழி, பிறகு கூடம், அடுக்களை, பூஜை அறை. தபால்காரர் திண்ணையோடு சரி. அறிந்தவர் கூடம் வரை. உறவினர் அடுக்களை வரை. வந்தவரையெல்லாம் விரட்டுகிற வீடு நல்ல வீடல்ல; வந்தவரையெல்லாம் பூஜை அறைக்குள் விடுகிற வீடும் நல்ல வீடல்ல. நம் விவரங்களுக்கும் இப்படி ஒரு திண்ணையும் ரேழியும் கட்டிக்கொள்ளலாம். வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன; நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

முதலாவது, மறைத்த ஆதார். ஆணையத்தின் இணையதளத்தில் முதல் எட்டு இலக்கத்தை மறைத்துக் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும்படியான ஆதாரை எடுத்துக்கொள்ளலாம். சும்மா ஓர் அடையாளம் வேண்டும் என்கிற இடங்களில் இதைக் கொடுங்கள்.

இரண்டாவது, மாற்று எண். 2018-இல் வந்த ஏற்பாடு இது. பன்னிரண்டு இலக்கத்துக்குப் பதில் பதினாறு இலக்கத்தில் ஒரு தற்காலிக எண்ணை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம், வேண்டும்போது மாற்றலாம். அதிலிருந்து உங்கள் உண்மை எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, விரலுக்குப் பூட்டு. கைரேகையையும் கருவிழியையும் பூட்டி வைக்கும் வசதி அதே தளத்தில் இருக்கிறது. தேவைப்படும்போது திறந்து, காரியம் ஆனதும் பூட்டிவிடலாம். ரேஷன் கடைக்குப் புறப்படும் முன் திறக்க மறந்துவிடாதீர்கள். அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்!

நாலாவது, கணக்குப் பார்த்தல். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்பதை நீங்களே பார்க்கலாம். பால் கணக்குப் பார்க்கிற மாதிரி மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். போகாத இடத்தில் உங்கள் பெயர் இருந்தால் 1947 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930.

ஐந்தாவது, 2025 நவம்பரில் வந்த புதிய ஆதார் செயலியில், எந்த விவரம் வேண்டுமோ அதை மட்டும் காட்ட வழி செய்திருக்கிறார்கள். கேட்டது வயது என்றால் விலாசத்தைக் காட்ட வேண்டியதில்லை.

கடைசியாக, நகல் கொடுத்தே தீர வேண்டுமானால், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். கோணலாக விழுந்த நகலைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். ஓ.டி.பி. எண்ணை எந்தக் குரலுக்கும் சொல்லாதீர்கள். அந்தக் குரல் 'கலெக்டர் ஆபீஸ்' என்றாலும் சரி, 'அக்கா' என்று குழைந்தாலும் சரி.

நாம் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தால், சர்க்காரும் தன் பங்கைச் செய்ய வேண்டாமா? ஒரு காரியாலயத்தில் கொடுத்த காகிதத்தை மறு காரியாலயத்தில் மறுபடி நகல் எடுத்து வா என்னாமல், 'ஆம், இல்லை' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இனிஷியல் மாறியதற்காக ஒரு பெண்ணின் பணத்தை நிறுத்தும் முன், அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கட்டும். ரேகை விழாதவர்களுக்கு என்ன வழி என்று கடை வாசலில் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கட்டும். இதற்கெல்லாம் கோடி கோடியாகச் செலவாகாது.

மறுபடியும் கடையில்

அன்று மாலை பஸ்ஸுக்கு முன் அந்த ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் என்னோடு வந்த பெண்ணே பேசிவிட்டாள்.

"அண்ணா, அந்தப் பேப்பர் கட்டை எடுங்க. அதுல எங்க ஹாஸ்டல் பொண்ணுங்க இருப்பாங்க. உங்க தங்கச்சி போட்டோவுக்குப் பின்னால யாராச்சும் டீக் கணக்கு எழுதினா விடுவீங்களா?"

பையன் ஒரு கணம் விழித்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். மூன்று பேருமாக உட்கார்ந்து கிழித்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. முகம் முகமாக எத்தனை பெண்கள்! ஒரு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

அவளுடைய பணம் இன்னும் வரவில்லை. பெயரைத் திருத்த மனுக் கொடுத்திருக்கிறோம். நேற்று இரவு போனில் பேசினாள். "அம்மா, ஆபீஸ்ல இருந்து பேசறேன்னு ஒருத்தர் கூப்பிட்டாரு. மனு விஷயமாம். நம்பர் கேட்டாரு."

எனக்குத் திக்கென்றது. "சொல்லிவிட்டாயா?"

"முதல்ல நீங்க யாருன்னு நான் தெரிஞ்சுக்கணும், என் மனு நம்பரை நீங்க சொல்லுங்கன்னேன். டக்குனு வெச்சுட்டாரு."

சீதையிடமே பாடம் கேட்டவள் மாதிரி பேசினாள். பணம் வந்ததும் உங்களுக்குச் சொல்கிறேன்.